வறண்ட காட்டில் பொன் அரிக்க மலிவான கருவி: சேலம் பக்கம் யாராவது செஞ்சு பார்த்திருக்கீங்களா?

இளம்பிள்ளையான் | சனி, இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கமுங்க. கஞ்சமலை அடிவாரத்துல எங்களுக்கு ரெண்டு ஏக்கர் மேட்டாங்காடு இருக்குது. போர் 900 அடி ஓட்டியும் புகைதான் வந்துச்சு. மழை பேஞ்சா கம்பு, இல்லாட்டி சும்மா. எங்க அப்பாரு உசுரோட இருந்தப்ப, அந்தக் காலத்துல மலையிலிருந்து இறங்குற ஓடையில பொன் அரிச்சாங்கன்னு சொல்லுவாரு. கஞ்சம்னாலே பொன்னுதான்னு அவரு கணக்கு.

யூடியூப்ல வெள்ளக்காரங்க பாலைவனத்துல தண்ணியே இல்லாம காத்தை ஊதித் தங்கம் பிரிக்கிறதைப் பார்த்தேன். டிரைவாஷர்னு பேரு. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்த்து நம்ம கைக்கு எட்டாது. 5,000 ரூபாய்க்குள்ள இங்கயே செய்ய முடியுமா? இல்ல மெட்டல் டிடெக்டர் வாங்குறது தேவலையா? நான் விசைத்தறிக்காரன், மெக்கானிக் வேலை ஓரளவுக்குத் தெரியும்.

ஓமலூர் கருப்பு | சனி, இரவு 10.40

தம்பி, டிடெக்டர் பேச்சை எடுக்கறதுக்கு முன்னால என் கதையைக் கேளுங்க. "200 மீட்டர் தூரத்துல இருக்கற தங்கத்தைக் காட்டும்"னு சொல்லி ரெண்டு ஆன்டெனா நீட்டிக்கிட்டிருக்கற கருவி ஒண்ணை 38,000 குடுத்து வாங்கினேன். கையில பிடிச்சா தானா திரும்பும். பொண்டாட்டி நகையை மாட்டுக்கொட்டாயில ஒளிச்சு வெக்கச் சொல்லித் தேடினேன். எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சப்ப நேரா அங்க போச்சு. தெரியாதப்ப சாணிக்குழியைக் காட்டுச்சு. வயித்தெரிச்சல் தாங்காம திருகாணியைக் கழட்டினா உள்ள ஒரு பேட்டரி, ஒரு லைட்டு. ஆன்டெனாவுக்குப் போற ஒயர் எதுலயும் சேரவே இல்லை. வித்தவன் நம்பர் அன்னிக்கே செத்துப்போச்சு. இரிடியம் கலசம்னு ஏமாந்தவனைப் பார்த்துச் சிரிச்சவன்தான் நானும்.

சாம்பியன்ரீஃப் தாத்தா | ஞாயிறு, காலை 6.05

இளம்பிள்ளையாருக்கு, நான் கோலார் தங்கவயலில் சாம்பிளிங் பிரிவில் இருந்தவன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடியபின் மகள் வீட்டோடு சேலம் வந்துவிட்டேன். ஜியாலஜிஸ்ட் அல்ல, ஆனால் கல்லோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்தவன்.

முதலில் பெயர் விஷயம். கஞ்சம் என்றால் வெண்கலம், தாமரை என்றும் பொருள் உண்டு. பொன்னுக்குச் சொல் காஞ்சனம். ஓசை ஒன்றுபோல் இருப்பதால் அப்பாரு இழுத்துக் கட்டிவிட்டார். காலாங்கி சித்தர் கதையும் அங்கேயே இருக்கிறது அல்லவா, இரும்பைப் பொன்னாக்கும் பேச்சு அந்த மண்ணில் சுலபமாக முளைக்கும்.

கஞ்சமலையில் நிச்சயமாக இருப்பது இரும்பு. மேக்னடைட். 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தபோது சேலம் ஜில்லாவின் இந்தத் தாதுவை நம்பித்தான் வைத்தார். நீங்களே பாருங்கள்: உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை எடுத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஓடை மணலில் ஒரு இழுப்பு இழுங்கள். கறுப்பாக மீசை முளைக்கும். கவரை உருவினால் பொலபொலவென்று உதிரும்.

கோலார் தங்கம் கிடந்தது பழைய எரிமலைப் பாறைகள் உருமாறிய ஷிஸ்ட் பட்டையில். நீளம் சுமார் 80 கிலோமீட்டர், அகலம் அதில் ஒரு துளி. அந்தப் பட்டைக்குள் வெள்ளைக் குவார்ட்ஸ் ரேகையாக ஓடும், அதில்தான் பொன். சேர்வராயன் மலை சார்னோக்கைட், அதன் தலையில் பாக்சைட். இந்தப் பக்கம் சுண்ணாம்புக் கரடு முழுக்க மேக்னசைட், வெள்ளைக்கல். ஒரே சேலத்துக்குள் எத்தனை வகைக் கல் பாருங்கள்! ஆனால் கோலார் பட்டை இல்லை. தமிழ்நாட்டில் தங்கத்துக்காகக் கூட்டம் அலைமோதியது நீலகிரியில், தேவாலா, பந்தலூர் பக்கம், 1880 வாக்கில். அதிலும் போட்ட பணம் எடுத்தவர்கள் சொற்பம்.

டிடெக்டர் வேறு காரணத்துக்காகவும் வேண்டாம். தங்கத்துக்கென்றே செய்த மைன்லேப் கோல்டு மான்ஸ்டர் 1000 போன்றவை 45 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த அதிர்வெண்ணில் வேலை செய்கின்றன. சின்னத் துணுக்கையும் பிடிக்கும், ஆனால் மேக்னடைட் நிறைந்த மண்ணில் அந்த வகை நிமிஷத்துக்கு நூறு முறை கத்தும். விட்டு விட்டுத் துடிப்பாக வேலை செய்யும் பல்ஸ் வகை ஓரளவு தாங்கும், விலை மோட்டார் சைக்கிள் விலையைத் தாண்டும். கஞ்சமலை அடிவாரத்தில் இதைத் தூக்கிக்கொண்டு நடப்பது, கல்யாண மண்டபத்தில் ரேடியோ கேட்பதுபோல.

கோர்ட்டு வாசல் | ஞாயிறு, காலை 8.31

கருவிக்கு முன்னாடி ஒரு வார்த்தை. தங்கம் பெருங்கனிமம். 1957-ஆம் வருஷச் சுரங்கச் சட்டம் 4(1) பிரிவுப்படி உரிமம் இல்லாம தோண்டுறது மட்டுமில்ல, கனிமம் இருக்கான்னு தேடுறதே தப்பு. 21-ஆம் பிரிவுல 5 வருஷம் வரைக்கும் ஜெயில், ஹெக்டேருக்கு 5 லட்சம் வரைக்கும் அபராதம்.

"என் பட்டா நிலம், என் மண்ணு"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். 2013-ல ஒரு கேரள வழக்குல உச்ச நீதிமன்றம், அடியில இருக்கற கனிமமும் நிலத்துக்காரருக்குச் சேரலாம்னு சொல்லியிருக்கு. ஆனா சொந்தம்கறது வேற, எடுக்கறதுக்கு அனுமதிங்கறது வேற. ரெண்டாவது இல்லாம மண்வெட்டியைத் தூக்கக்கூடாது. காப்புக்காடா இருந்தா வனத்துறை தனி. தோண்டும்போது பழைய காசு, பானைன்னு புதையல் ஏதாவது வந்து அதோட மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும், 1878-ஆம் வருஷச் சட்டம். ஆமா, பத்தே ரூபாய்தான், இன்னும் மாத்தலை.

மிஷின் செய்யறது குத்தமில்லை. அதை எங்க கொண்டுபோய் ஓட்டறீங்கங்கறதுதான்.

இளம்பிள்ளையான் | ஞாயிறு, காலை 9.15

அய்யோ சாமி. வெத்தலை பாக்கு வாங்கப் போனவனை போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வெச்ச மாதிரி இருக்குது. காந்தம் இழுத்துப் பார்த்தேனுங்க தாத்தா. அரை நிமிஷத்துல கைப்பிடி கறுப்பு மண்ணு. எங்கம்மா "விநாயகருக்குப் பூசலாமா"ன்னு கேக்குது.

சரி, காட்டுல தோண்டல. ஆனா மிஷினை செஞ்சே பார்த்துடணும்னு கை அரிக்குது.

ஏற்காடு காப்பி | ஞாயிறு, காலை 11.02

எங்க தோட்டத்துக்கு மேல மழைத்தண்ணி வடியற இடத்துல மஞ்சளா மின்னுதுன்னு போன வருஷம் கூலிக்கு வந்த பொண்ணுங்க மூணு நாளு காப்பி பறிக்காம உக்காந்து பொறுக்கினாங்க. எனக்கும் நெஞ்சு கொஞ்சம் படபடன்னுதான் இருந்துச்சு, பொய் சொல்லமாட்டேன். ஊக்கு முனையால குத்தினா ஏடு ஏடா பிரிஞ்சு வந்துடுச்சு. காக்காப்பொன். அதுல ஒரு கைப்பிடி இன்னும் ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருக்கு, பேத்திக்குக் கொலுவுல தூவ.

சாம்பியன்ரீஃப் தாத்தா | ஞாயிறு, மாலை 4.20

ஏற்காட்டு அம்மா சொன்ன ஊக்குச் சோதனையைவிடச் சிறந்த சோதனை கிடையாது. மைக்கா ஏடாகப் பிரியும். பொன்போல மின்னும் பைரைட் என்ற கல்லைச் சுத்தியால் தட்டினால் கறுப்புப் பொடியாகும். பொன் நசுங்கும், உடையாது. நிழலில் வைத்தும் பாருங்கள். மைக்கா வெயிலில் கண்ணடிக்கும், நிழலில் செத்துவிடும். பொன் நிழலிலும் அதே மஞ்சள்.

கல்கூர்லி மாப்ள | ஞாயிறு, இரவு 7.48

நான் அம்மாபேட்டைக்காரன், இப்ப மேற்கு ஆஸ்திரேலியாவுல கல்கூர்லியில வேலை. இந்த இழை என் நண்பன் அனுப்பினான். நீங்க பார்த்த வீடியோவுல பாதி இந்த ஊராத்தான் இருக்கும்.

இங்க 1892-ல கூல்கார்டியில, அடுத்த வருஷம் கல்கூர்லியில தங்கம் கிடைச்சப்ப குடிக்கவே தண்ணி இல்லை. பெர்த் பக்கத்துல இருந்து 530 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டுத் தண்ணி வந்தது 1903-ல. அதுவரைக்கும் மண்ணைக் காத்துலதான் தூத்துனாங்க. முதல்ல ரெண்டு தட்டு: ஒண்ணைத் தலைக்கு மேல தூக்கிக் கொட்டறது, கீழ இன்னொண்ணுல பிடிக்கறது. நம்ம களத்துல நெல்லுத் தூத்தற அதே வேலை. அப்புறம்தான் துருத்தி வெச்ச பெட்டி வந்துச்சு.

நான் சனிக்கிழமை ஓட்டறது நானே செஞ்ச பெட்டி. சட்டம் இங்க வேற: மைனர்ஸ் ரைட்னு ஒரு சீட்டு சின்னக் கட்டணத்துல ஆயுசுக்கும் குடுக்கறாங்க. அடுத்தவன் உரிமம் வாங்கின நிலத்துல நுழையணும்னா அவன் சம்மதமோ அதுக்குத் தனி அனுமதியோ வேணும்.

பெட்டியைப் பத்தி. சாய்வா ஒரு தட்டு, அடியில துணி, துணிக்கு மேல குறுக்கால மரச்சட்டம் நாலஞ்சு. கீழ இருந்து காத்து துணி வழியா மேல வரும். மண்ணு மேல இருந்து இறங்கும்போது லேசானது மிதந்து சட்டத்தைத் தாண்டிப் போயிடும், கனமானது சட்டத்துக்குப் பின்னால தங்கிடும். தங்கத்தோட அடர்த்தி 19.3, குவார்ட்ஸ் மணல் 2.65. ஏழு மடங்கு வித்தியாசம். ஆனா உங்க கறுப்பு மண்ணு 5.2. அது பாதி வழி தங்கம் மாதிரிதான் நடந்துக்கும், சட்டத்தை நிரப்பி அடைச்சிடும். காந்தத்துல எடுத்துட்டு ஓட்டுங்க.

காசு துணியிலதான் இருக்கு, மோட்டார்ல இல்லை. வாயில வெச்சு ஊதினா சிரமப்பட்டு மூச்சு வெளிய போகணும், மணல் இறங்கக்கூடாது. சட்டைத்துணி ரொம்ப அடைப்பு, கொசுவலை ரொம்ப ஓட்டை.

காத்து எவ்வளவு வேணும்? மண்ணு தட்டுல கொதிக்கற கஞ்சி மாதிரி தளதளன்னு இருக்கணும். பொங்கி வழிஞ்சா காத்து அதிகம், பொன்னும் கூடப் போயிடும். செத்த மாதிரி கிடந்தா காத்து பத்தலை.

எல்லாத்தையும் விட முக்கியம் ஈரம். கையில இறுக்கிப் பிடிச்சுத் திறந்தா உருண்டை நிக்கக்கூடாது. நின்னா அன்னிக்குக் கடையை மூடிட்டு வீட்டுக்குப் போங்க.

அஞ்சுரோடு லேத் | ஞாயிறு, இரவு 9.30

துருத்தியெல்லாம் என்னாத்துக்கு. கொல்லுப்பட்டறைக்கு வெக்கற சின்ன புளோயர் பழசு கிடைக்கும், வேகத்துக்கு ஃபேன் ரெகுலேட்டர் ஒத்து வரும், சில மோட்டாருக்கு சூடாகும், தொட்டுப் பாத்துக்கங்க. துருத்தி விட்டு விட்டு ஊதும், புளோயர் ஒரேயடியா ஊதும். அதனால தட்டு ஆடணும். பழைய மிக்ஸி மோட்டார் தண்டுல ஒரு பக்கமா நட்டு ஒண்ணை வெல்டு பண்ணிட்டா போதும், பேய் பிடிச்ச மாதிரி ஆடும். செல்போன் அதிர்றதும் இதே தத்துவம்தான்.

இளம்பிள்ளையான் | அடுத்த ஞாயிறு, மாலை 5.10

செஞ்சாச்சுங்க! படமும் போட்டிருக்கேன்.

தறிக்கொட்டாயில கிடந்த வேப்பம்பலகையில மூணடி நீளம், ஒரு அடி அகலத்துக்குப் பெட்டி. அரை அங்குல சட்டம் அஞ்சு. பழைய புளோயர் 1,400, மிக்ஸி மோட்டார் காயலாங்கடையில 350, ஜல்லடை ரெண்டு 600, துணி 120, சில்லறை எல்லாம் சேர்த்து 3,100 ஆச்சு. துணிக்கு மூணு நாளு அலைஞ்சேன். எங்க தறியிலயே ஓடற சேலைத்துணி அடைச்சுக்கிச்சு. கடைசியில வேட்டிக்குப் போடற காடாத் துணிதான் சரியா உக்காந்துச்சு.

சோதனைக்கு வீடு கட்ட வாங்கின எம்சாண்டு மீதி இருந்துச்சு, அதை வெயில்ல ரெண்டு நாளு காய வெச்சு சலிச்சேன். காட்டுல ஒரு பிடி மண்ணுகூட எடுக்கல, கோர்ட்டு வாசல் அண்ணன் சாட்சி. தூண்டில் ஈயத்தைச் சின்னச் சின்னதா வெட்டி, தட்டிச் சப்பையாக்கி, எண்ணி இருபது துண்டு ஒரு பாண்டு (மண் அள்ளுற சட்டி) மண்ணுல கலந்தேன்.

முதல் ஓட்டம்: பதினொண்ணுதான் கிடைச்சுது. காத்து அதிகம். ரெகுலேட்டரை ரெண்டு புள்ளி இறக்கி, தட்டுச் சாய்வைக் குறைச்சு, மாப்ள சொன்ன கஞ்சி பதத்துக்குக் கொண்டுவந்தேன். அப்ப பதினாறு. மூணு நிமிஷத்துல ஒரு பாண்டு.

இதையெல்லாம் திண்ணையில உக்காந்து பார்த்துக்கிட்டிருந்த எங்கம்மா "அதைக் கொண்டா இங்க"ன்னு முறத்தை எடுத்துச்சு. புடைச்சு, கொழிச்சு, மறுபடியும் புடைச்சு, நடுவுல சீரியலும் பார்த்து, நாப்பது நிமிஷத்துல பத்தொம்பது துண்டை எண்ணி வெச்சுடுச்சு. இருபதாவது மாட்டிக்கிட்ட இடமும் கண்டுபிடிச்சுது, முறத்தோட பின்னல் சந்துல.

கல்கூர்லி மாப்ள | அடுத்த ஞாயிறு, இரவு 8.00

அம்மாவுக்கு இங்க வேலை இருக்குதுன்னு சொல்லுங்க.

இருபதுக்குப் பதினாறு நல்ல எண்ணிக்கைதான். ஈயம் 11.3, தங்கம் இன்னும் கனம், அதனால தங்கத்துக்குக் கொஞ்சம் கூடவே நிக்கும். ஆனா ரொம்பப் பொடி காத்தோட போகத்தான் போகும், அதுக்கு இந்தப் பெட்டியில மருந்து கிடையாது.

சட்டத்துல தங்கினதை வீட்டுக்குக் கொண்டுபோய் பேசின்ல தண்ணி வெச்சு அலசுங்க. ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டுடுங்க. இல்லாட்டி பொடித்தங்கம் தண்ணி மேலயே மிதந்து விளிம்பு வழியா போயிடும். அதே தண்ணியைத் தெளிய வெச்சுத் தெளிய வெச்சு ஒரு மாசம் ஓட்டலாம்.

சாம்பியன்ரீஃப் தாத்தா | அடுத்த ஞாயிறு, இரவு 8.45

இரண்டு விஷயம். படத்தில் தம்பி மூக்கில் துண்டு கட்டியிருக்கிறார். துண்டு போதாது. குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. எங்கள் காலனியில் ஐம்பது வயதில் மாடிப்படி ஏறமுடியாமல் நின்ற ஆட்களை எனக்குத் தெரியும். மருந்துக்கடையில் என்-95 கிடைக்கிறது, முகத்தோடு இறுக்கமாகப் போடுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். அம்மாவையும் காற்று வருகிற பக்கமாகவே உட்காரவையுங்கள்.

இன்னொன்று கணக்கு. டன்னுக்கு ஒரு கிராம் பொன் இருக்கிற மண் நல்ல மண். உங்கள் பாண்டில் 20 கிலோ என்றால் அதில் 20 மில்லிகிராம், கடுகு அளவுக்குக்கூட வராது. நாற்பது பாண்டு ஓட்டினால் முக்கால் கிராம் சொச்சம். அதுவும் கருவி ஒன்றும் விடாமல் பிடித்தால். தோண்டி, காயவைத்து, உடைத்து, சலித்து நாற்பது பாண்டு. முதுகைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

நடுவர் | திங்கள், காலை 7.10

பொன்னைப் பிரிக்கப் பாதரசம் எங்கே கிடைக்கும், அதை வாணலியில் எப்படிக் காய்ச்சுவது என்று ஒருவர் எழுதியிருந்த பதிவை நீக்கியிருக்கிறேன். அந்த விஷ ஆவியை வீட்டுக்குள் சுவாசிக்கிற வேலையை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

பேட்டை கொலுசு | திங்கள், மதியம் 1.25

இளம்பிள்ளை அண்ணா, உங்க மிஷினுக்கு மண்ணு நான் தர்றேன்.

செவ்வாய்ப்பேட்டையில எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. அரம் போட்ட தூள், பத்தவைக்கற இடத்துல சிந்தற பொடி, எல்லாம் தரையில விழும். சாயங்காலம் கூட்டி ஒரு டின்னுல சேர்ப்போம். அந்தப் பட்டறை மண்ணை ஒருத்தரு வந்து கண்ணால பார்த்து ஒரு விலை சொல்லி வாங்கிட்டுப் போவாரு. அவரு அதுல எவ்வளவு எடுக்கறாருன்னு இதுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. கேட்டா "உங்கப்பா காலத்துல இருந்து இதே விலைதான்"னு சிரிப்பாரு. வெள்ளி விலை உங்கப்பா காலத்துலயா நிக்குதுங்க?

வெள்ளி அடர்த்தி 10.5. உங்க ஈயத்துக்குக் கிட்டத்தட்ட பக்கம்தானே?

அஞ்சுரோடு லேத் | திங்கள், மதியம் 2.03

இதைத்தான் முதல் நாளே யோசிச்சிருக்கணும். பொன் காட்டுல இல்லடா, கூட்டுமாத்துல இருக்குது.

சாம்பியன்ரீஃப் தாத்தா | திங்கள், மாலை 5.50

செய்யலாம். ஆனால் அப்படியே கொட்டாதீர்கள். பட்டறை மண்ணில் தலைமுடி, நூல், மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், துணியை ஐந்து நிமிஷத்தில் அடைத்துவிடும். முதலில் இரும்புச் சட்டியில் எரித்துச் சாம்பலாக்குங்கள், திறந்த வெளியில், புகை படாமல் தள்ளி நின்று. பத்தவைப்புப் பொடியில் காட்மியம் கலந்திருந்தால் அந்தப் புகை விஷம். கேடிஎம் என்று நகைக்கடையில் சொன்னார்களே, அதே காட்மியம்தான். பிறகு இடித்து, சலித்து, காந்தம் போட்டு அரத்திலிருந்து வந்த இரும்பை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். ஒரே அளவாகச் சலித்த பொடியைத் தனித்தனியாக ஓட்டுவது முக்கியம். பெரிய மண்துகளும் சின்ன வெள்ளித்துகளும் காற்றில் ஒரே எடைபோல நடிக்கும்.

பேட்டை கொலுசு | மூணு வாரம் கழிச்சு, வியாழன், இரவு 9.20

ஓட்டிப் பார்த்தாச்சுங்க. எழுத லேட்டாயிடுச்சு, தீபாவளி ஆர்டர்.

எரிச்சு சலிச்சதுக்கு அப்புறம் 14 கிலோ. மூணு அளவா பிரிச்சுத் தனித்தனியா ஓட்டினோம். சட்டத்துல தங்கினது 600 கிராம் சொச்சம். வெங்காரம் போட்டு மூசையில (உருக்குற கிண்ணம்) உருக்கினோம். முதல் தடவை மூசை ஈரமா இருந்து வெடிச்சு, கொஞ்சம் அடுப்புலயே போயிடுச்சு. அது என் தப்பு, அவசரப்பட்டுட்டேன். ரெண்டாவது தடவை 212 கிராம் கட்டி.

அண்ணனுக்குப் பெருமை தாங்கலை. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். பெட்டியை விட்டு வெளிய பறந்த தூசிக்குத் தார்ப்பாய் விரிச்சிருந்தோம். அதையும் தனியா உருக்கினேன். 61 கிராம்! எல்லாம் மாவு மாதிரி பொடி. தார்ப்பாயைத் தாண்டிப் போனது எவ்வளவோ, பக்கத்து வீட்டு மொட்டை மாடியைத்தான் கேக்கணும்.

பொடியை மட்டும் இனிமே தண்ணியில அலசப் போறோம். பெரிசு ரெண்டுக்கும் மிஷின் போதும். வழக்கமா வர்றவரு நேத்து வந்தாரு, டின்னு காலியா இருக்கறதைப் பார்த்துட்டு "வேற யாருக்காவது போட்டுட்டீங்களா"ன்னு கேட்டாரு. காப்பி குடுத்து அனுப்பினேன்.

இளம்பிள்ளையான் | வியாழன், இரவு 9.55

அந்த 61 என் தலைமேல ஏறி உக்காந்திருக்குது. பெட்டி மூணு பக்கமும் மூடி வெச்சு, வெளிய போற வாய்க்குத் தலையணை உறை கட்டிப் பாக்கலாம்னு இருக்கேன். வேக்குவம் கிளீனர் பை மாதிரி. தாத்தா, காத்து திணறுமா?

சாம்பியன்ரீஃப் தாத்தா | வெள்ளி, காலை 5.58

திணறும். உறை பெரிதாக இருந்தால் அவ்வளவு திணறாது. போர்வை உறை எடுங்கள்.

கல்கூர்லி மாப்ள | வெள்ளி, காலை 10.14

அந்த மிக்ஸி மோட்டார் நட்டு என்ன சைஸ்னு சொல்லுங்க, லேத் அண்ணே. என் பெட்டி சங்கிலி வெச்சு ஆடறது, சத்தம் தாங்கலை, கங்காரு ஓடுது.

அஞ்சுரோடு லேத் | வெள்ளி, மதியம் 12.40

12 எம்எம் நட்டு, ஒண்ணே ஒண்ணு. ரெண்டு வெச்சா தட்டு கழண்டு ஓடிடும், இளம்பிள்ளையான் மூஞ்சியில இருக்கற தழும்பைக் கேளுங்க.